தொடும்போது மின்னூட்டம் ஏன் சமமாகப் பிரிவதில்லை?

கேள்வி
பதிவிட்டவர்: மேல்நிலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து வருகிறேன். நிலைமின்னியல் பாடத்தைத் தொடங்குமுன் மாணவர்களுக்குக் கண்ணால் காணும்படி ஏதேனும் செய்துகாட்ட விரும்பி, இரண்டு தெர்மோகோல் உருண்டைகளின் மீது அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். ஒன்றின் விட்டம் 10 செ.மீ., மற்றொன்றின் விட்டம் 5 செ.மீ. இரண்டையும் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் டம்ளர்களின் மேல் அமர்த்தினேன். ஒரு ஜாம் பாட்டிலின் மூடியில் துளையிட்டுச் செம்புக் கம்பியைச் செருகி, அதன் கீழ்முனையில் இரண்டு மெல்லிய அலுமினியத் தாள் கீற்றுகளைத் தொங்கவிட்டு நிலைமின்காட்டியும் (மின்னூட்டம் இருந்தால் கீற்றுகள் ஒன்றையொன்று விலக்கி விரியும் கருவி) செய்துகொண்டேன். மின்னூட்டம் பெறுவதற்குக் கம்பளித் துணியால் தேய்த்த பி.வி.சி. குழாய்.

இரண்டு இடங்களில் என்னால் மாணவர்களுக்கு நிறைவான விடை சொல்ல இயலவில்லை. முதலாவது, தேய்த்த குழாயை நிலைமின்காட்டியின் கம்பியில் ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்தால், விரிந்த கீற்றுகள் ஏறக்குறைய முழுவதும் சுருங்கிவிடுகின்றன. அதே குழாயைக் கம்பியின் மேல் நீளவாக்கில் இழுத்தால் மட்டுமே கீற்றுகள் விரிந்தபடி நிற்கின்றன. இரண்டாவது, சிறிய உருண்டைக்கு மின்னூட்டம் கொடுத்து, அதைப் பெரிய உருண்டையில் தொடவைத்துப் பிரித்தேன். பாதிக்குப் பாதி பிரியும் என்றுதான் வகுப்பு முழுவதும் எதிர்பார்த்தது. ஆனால் பெரிய உருண்டையால் நிலைமின்காட்டியைத் தொட்டபோது கீற்றுகள் நன்றாக விரிந்தன, சிறியதால் தொட்டபோது அவை அசைந்ததே பெரிது.

கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி, "அப்படியானால் ஒரு பொருளில் இருக்கும் மின்னூட்டம் முழுவதையும் தொட்டே இன்னொரு பொருளுக்குக் கொடுத்துவிட முடியாதா, எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்குமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சரியான விடையுடன் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே இங்கு எழுதுகிறேன்.


மறுமொழி 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற பேராசிரியர்

வணக்கம் அம்மா. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பாடத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கடத்திகள் தொட்டுக்கொள்ளும்போது சமமாவது மின்னூட்டம் அன்று, மின்னழுத்தம். அகலமான அண்டாவையும் ஒடுக்கமான செம்பையும் அடியில் ஒரு குழாயால் இணைத்தால், இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகும் வரை நீர் ஓடும். மட்டம் ஒன்றான பிறகு அண்டாவிலும் செம்பிலும் ஒரே அளவு நீர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மின்னழுத்தம் அந்த மட்டத்தைப் போன்றது, மின்தேக்குத் திறன் பாத்திரத்தின் அகலத்தைப் போன்றது. தனித்து நிற்கும் கோளத்தின் மின்தேக்குத் திறன் அதன் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பெரிய கோளம் தன் ஆரத்துக்கு ஏற்ற பங்கை எடுத்துக்கொள்கிறது.

எண்களை இட்டுப் பார்ப்போம். கோளத்தின் மின்னூட்டத்தை நானோகூலுமில் (மின்னூட்டத்தின் அலகான கூலுமில் நூறு கோடியில் ஒரு பங்கு) எடுத்து 9-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் மின்னழுத்தம் வோல்ட்டில் கிடைக்கும். உங்கள் சிறிய உருண்டையின் ஆரம் 0.025 மீட்டர். அதில் 6 நானோகூலும் இருப்பதாகக் கொண்டால் மின்னழுத்தம் 2,160 வோல்ட். இப்போது அதை 0.05 மீட்டர் ஆரமுள்ள பெரிய உருண்டையுடன் இணைத்தால், பெரியதற்கு 4 நானோகூலும், சிறியதற்கு 2 நானோகூலும் என்று பிரியும். வகுத்துப் பாருங்கள், இரண்டும் 720 வோல்ட்டில் நிற்கும். பாதிக்குப் பாதி பிரிவது இரண்டும் ஒரே அளவுள்ள கோளங்களாக இருந்தால் மட்டுமே. 1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும், மின்விசையைக் கம்பியின் முறுக்கால் அளக்கும் தமது முறுக்குத் தராசில் ஒரே அளவுள்ள நெட்டிப் பந்துகளைத் தொடவைத்து மின்னூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளச் செய்ததும் இந்தச் சமச்சீரை நம்பித்தான்.

ஒன்றை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உலோகத்தில் இடம்பெயர்வது எலக்ட்ரான் மட்டுமே. கம்பளியால் தேய்த்த பி.வி.சி. குழாய் எதிர் மின்னூட்டம் பெறும் என்பதால், உங்கள் சோதனையில் சிறிய உருண்டையில் மிகுதியாக இருந்த எலக்ட்ரான்கள் பெரியதற்குச் சென்றன. பட்டால் தேய்த்த கண்ணாடிக் கோலைக் கொண்டு உருண்டைக்கு நேர் மின்னூட்டம் கொடுத்திருந்தால், பெரிய உருண்டையிலிருந்து எலக்ட்ரான்கள் சிறியதை நோக்கி வந்திருக்கும். "நேர் மின்னூட்டம் சென்றது" என்று நாம் எழுதுவது கணக்கின் வசதிக்காகத்தான்.

எத்தனை எலக்ட்ரான்கள் என்பதையும் கணக்கிடச் சொல்லுங்கள். 1 நானோகூலும் என்பது ஏறத்தாழ 624 கோடி எலக்ட்ரான்கள். 6 நானோகூலுமுக்குச் சுமார் 3,740 கோடி. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 1 கிராம் அலுமினியத் தாளில் உள்ள எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், 8 லட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. இவ்வளவு சிறிய மிகுதி தாள் கீற்றுகளை விலக்கிக் காட்டுகிறது என்பதை நான் முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த நாள் இன்றும் நினைவில் இருக்கிறது.

இன்னொன்று. தொடுவதற்கு முன் இருந்த நிலைமின் ஆற்றலையும் பின் இருந்ததையும் கணக்கிட்டால், மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கும். மின்னூட்டம் ஒரு துளியும் குறையவில்லை, ஆற்றல் குறைந்திருக்கிறது. அது தொடும் கணத்தில் எழும் நுண்பொறியிலும் வெப்பத்திலும் செலவாகிவிட்டது. இருட்டறையில் காது கொடுத்துக் கேட்டால் மெல்லிய 'டிக்' ஓசை கேட்கலாம்.


மறுமொழி 2
பதிவிட்டவர்: ஆய்வு மாணவன்

பேராசிரியர் ஐயா எழுதியதில் ஒரு திருத்தம் மட்டும் சேர்க்க விரும்புகிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஆரங்களின் விகிதத்தில் மின்னூட்டம் பிரியும் என்பது, இரு கோளங்களையும் வெகுதொலைவில் வைத்து மெல்லிய கம்பியால் இணைக்கும்போது பொருந்தும் விதி. ஆசிரியை அவர்கள் உருண்டைகளை நேரடியாகத் தொடவைத்திருக்கிறார். அப்போது ஒவ்வொன்றின் மின்னூட்டமும் மற்றதன் மின்னழுத்தத்தைப் பாதிக்கிறது. தொடும் புள்ளியைச் சுற்றியுள்ள இடுக்கில் மின்னூட்டம் ஏறக்குறைய இருப்பதே இல்லை. அந்த இடுக்கினால் சிறிய கோளத்துக்குத்தான் இழப்பு அதிகம், ஏனெனில் அதன் பரப்பில் பெரும் பகுதி பெரிய கோளத்தின் நிழலில் அகப்பட்டுக்கொள்கிறது.

ஆரம் இரண்டுக்கு ஒன்று என்று இருக்கும் கோளங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது, பெரியதன் மின்னூட்டம் சிறியதைப் போல் 2 மடங்கு அன்று, ஏறத்தாழ 3.45 மடங்கு. எனவே 6 நானோகூலுமில் பெரியதற்குச் சுமார் 4.65, சிறியதற்குச் சுமார் 1.35 கிடைக்கும். சிறிய உருண்டை கீற்றுகளை அசைத்ததே பெரிது என்று அவர் எழுதியதற்கு இது பாதிக் காரணம்.

மீதிக் காரணம் நிலைமின்காட்டியே. கீற்றுகளின் விரிவு காட்டுவது மின்னழுத்தத்தை. பிரித்தெடுத்த உருண்டை கம்பியைத் தொடும்போது, தன்னிடம் உள்ளதைக் கம்பியோடும் கீற்றுகளோடும் மறுபடி பங்கிட வேண்டியிருக்கிறது. குறைவான மின்னூட்டமும் குறைவான மின்தேக்குத் திறனும் கொண்ட சிறிய உருண்டையால் கீற்றுகளின் மின்னழுத்தத்தை அதிகம் உயர்த்த முடியாது. ஆகவே கீற்றுகளின் விரிவை உருண்டையின் மின்னூட்டத்துக்கு நேரடி அளவுகோலாக மாணவர்கள் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது நல்லது.


மறுமொழி 3
பதிவிட்டவர்: ஆலை மின்பராமரிப்பு

நான் கோவைப் பகுதியில் ஒரு நூற்பாலையில் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். குழாய் பற்றிய முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்ல முடியும்.

உருண்டைகளுக்குச் சொன்ன மட்டக் கணக்கு குழாய்க்குப் பொருந்தாது, ஏனெனில் பி.வி.சி. கடத்தாப் பொருள். குழாயின் ஒரு முனையில் உள்ள மின்னூட்டத்துக்கு மறுமுனையில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. எந்த இடத்தில் தேய்த்தீர்களோ அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒருமுறை தொட்டால், கம்பி பட்ட அந்த மிகச் சிறிய இடத்தில் இருந்தது மட்டுமே கம்பிக்குச் செல்லும். குழாயை நீளவாக்கில் இழுக்கும்போது புதிய புதிய இடங்கள் கம்பியைத் தொடுகின்றன, ஒவ்வோர் இடமும் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அறுவடை முடிந்த வயலில் ஓரிடத்தில் நின்றுகொண்டு சிந்திய கதிர் அத்தனையும் பொறுக்க முடியாது, வயல் முழுவதும் நடந்தாக வேண்டும்.

அப்படியென்றால் தொட்டபோது கீற்றுகள் அவ்வளவு விரிந்தது எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். அது பெரும்பாலும் நிலைமின் தூண்டல். குழாயைத் தொடாமல் கம்பியின் அருகே கொண்டுவந்து பாருங்கள், அப்போதும் கீற்றுகள் விரியும். குழாயின் எதிர் மின்னூட்டம் கம்பியில் உள்ள எலக்ட்ரான்களைக் கீழே கீற்றுகளுக்குத் தள்ளுகிறது. குழாயை விலக்கினால் அவை திரும்பி வந்துவிடுகின்றன. விலக்கிய பின்னும் நிற்கும் விரிவு எவ்வளவோ, அதுவே தொடுகையால் உண்மையில் கைமாறிய மின்னூட்டம்.

தேய்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 'உராய்வால் மின்னூட்டம்' என்று படித்ததால், தேய்க்கும் வேகமும் சூடும்தான் மின்னூட்டத்தை உண்டாக்குகின்றன என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அடிப்படை வேலையைச் செய்வது தொடுவதும் பிரிவதுமே; தேய்ப்பதால் தொடும் இடங்கள் பெருகுகின்றன. இரண்டு செலோடேப் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் ஒட்டி, சேர்த்தே உரித்தெடுத்து, கையால் ஒருமுறை வருடிவிட்டுப் பின்பு இரண்டையும் விரைவாகப் பிரியுங்கள். அருகே கொண்டுவந்தால் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். அங்கே யாரும் எதையும் தேய்க்கவில்லை.

தொட்டிருக்கும்போது இரு பரப்புகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு மிகச் சிறியது. பிரிக்கும்போது மின்னூட்டம் அப்படியே இருக்க, இடைவெளி பெருகுகிறது, மின்தேக்குத் திறன் குறைகிறது. இடைவெளி ஆயிரம் மடங்கானால் மின்னழுத்தமும் ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிறது. நம் கை செலவிடும் ஆற்றல்தான் அந்த மின்னழுத்தமாக மாறுகிறது. இரண்டு உலோகங்களைத் தொட்டுப் பிரித்தாலும் எலக்ட்ரான்கள் கைமாறத்தான் செய்கின்றன. ஆனால் பிரியும் கடைசிக் கணத்தில், கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளி வழியாகப் பெரும்பகுதி திரும்பி ஓடிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடத்தாப் பொருளில் அது திரும்பி ஓட வழியில்லை.

எங்கள் ஆலையில் இது அன்றாடத் தொல்லை. பாலியஸ்டர் இழை உருளைகளில் பட்டுப் பட்டுப் பிரியும்போது மின்னூட்டம் பெற்று, இழைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு சிலும்பி நிற்கும், உருளையில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். பருத்தியில் இவ்வளவு சிக்கல் கிடையாது. பருத்தி தன் எடையில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. அதனால்தான் காற்றின் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காடு வரை காத்துக்கொள்ள ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் இரவும் பகலும் ஓடுகிறது. நாங்கள் எதை விரட்ட ஈரத்தைத் தேடுகிறோமோ, அதை நீங்கள் வளர்க்க வேண்டும் என்றால் ஈரத்தை விரட்ட வேண்டும். மழைக்காலத்தில் இந்தச் சோதனையைச் செய்ய நேர்ந்தால் குழாய், டம்ளர், பாட்டில் மூடி எல்லாவற்றையும் ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொள்ளுங்கள். டம்ளரில் விரல்ரேகை பட்டால் அந்த உப்பும் ஈரமுமே மின்னூட்டத்தைக் கசியவிடப் போதுமானவை.


மறுமொழி 4
பதிவிட்டவர்: மின்னணுத் தொகுப்பு

மேலே சொல்லப்பட்ட கடத்தி, கடத்தாப் பொருள் வேறுபாடு எங்கள் பணியில் அன்றாடம் முன்னால் வந்து நிற்பது. சர்க்யூட் போர்டுகளைத் தொகுக்கும் மேசையில் அமர்பவர் மணிக்கட்டில் பட்டை அணிந்து, அதை 1 மெகாஓம் மின்தடை வழியாக எர்த்துடன் இணைத்துக்கொள்கிறார். மனித உடல் கடத்தி. அதன் மின்தேக்குத் திறன் 100 பிக்கோஃபாரட் அளவில் இருப்பதால், அந்த மின்தடை வழியாகவும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் மின்னூட்டம் இறங்கிவிடும். அதேவேளை, தவறுதலாக 230 வோல்ட் மின்சாரத்தில் கை பட்டாலும் பட்டை வழியே கால் மில்லிஆம்பியருக்குக் குறைவாகவே பாயும்.

ஆனால் அதே மேசையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் இருந்தால், அதை எர்த் கம்பியால் எத்தனை முறை தொட்டாலும் பயனில்லை. தொட்ட புள்ளி மட்டும் மின்னூட்டம் இழக்கும், மற்ற இடங்கள் அப்படியே இருக்கும். அதற்கு நேர், எதிர் என இரு வகை அயனிகளையும் (மின்னூட்டம் பெற்ற காற்றுத் துகள்கள்) காற்றோடு வீசும் அயனியாக்கியைத்தான் பயன்படுத்துகிறோம். நிலைமின் அதிர்ச்சியை மனிதர் உணரவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும், சில சில்லுகள் 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். புதிதாகச் சேர்ந்த நாட்களில் நான் பட்டையை மாட்டாமல் தொட்ட ஒரு போர்டு, சோதனையில் தேறி, சில வாரங்களுக்குப் பிறகு செயலிழந்து திரும்பி வந்தது. கையில் எதுவுமே உறைக்கவில்லையே என்று அன்று நான் வாதிட்டேன்.


கேள்வி கேட்டவரின் பதில்
பதிவிட்டவர்: மேல்நிலை ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செலோடேப் சோதனையை இன்று வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தாமே செய்து பார்த்தனர். 3.45 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது, பாடநூல் விதி எந்த நிபந்தனையின் கீழ் வந்தது என்று தேடிப் படிக்கும் ஆர்வம் சிலருக்குப் பிறந்ததைக் கண்டேன். அந்த மாணவியின் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. முழுவதையும் கொடுத்துவிட வழி உண்டா?


மறுமொழி 5
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற பேராசிரியர்

முதலில், ஆய்வு மாணவரின் திருத்தம் சரியானது. நான் அவசரத்தில் கம்பியால் இணைத்த நிலையின் கணக்கை எழுதிவிட்டேன்.

அந்த மாணவிக்கு விடை: உண்டு, உள்ளே தொட வேண்டும். வெளியே தொட்டால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும், மிச்சம் இருக்கும். குழிவான உலோகப் பாத்திரத்துக்குள் உருண்டையை இறக்கி உட்புறச் சுவரைத் தொட்டால், மிச்சமே இருக்காது.

ஆங்கிலேய அறிவியலாளர் ஃபாரடே 1843-இல் இதைப் பனிக்கட்டி வைக்கும் வாளி ஒன்றைக் கொண்டு செய்துகாட்டினார். பத்தரை அங்குல உயரமும் ஏழு அங்குல விட்டமும் உள்ள அந்த வாளியைத் தரையிலிருந்து மின்காப்புச் செய்து, வெளிப்புறத்தைக் கம்பியால் தங்க இலை நிலைமின்காட்டியுடன் இணைத்தார். மின்னூட்டம் பெற்ற பித்தளை உருண்டையைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கியபோது இலைகள் விரிந்தன. நன்கு உள்ளே சென்றபின் உருண்டையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் விரிவு மாறவில்லை. அடியைத் தொட்டபோதும் மாறவில்லை. வெளியே எடுத்த உருண்டையில் மின்னூட்டமே இல்லை.

காரணத்தை அதே மட்டக் கணக்கால் சொல்லலாம். வாளிக்குள் இருக்கும் உருண்டையின் மின்னழுத்தம் என்பது வாளியின் மின்னழுத்தமும் உருண்டை தன் மின்னூட்டத்தால் பெற்றதும் சேர்ந்தது. எனவே வாளி எவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தில் இருந்தாலும் உருண்டை அதைவிட ஒரு படி மேலேதான் இருக்கும். தொட்ட கணத்தில் உருண்டை வாளியின் உட்சுவரில் ஒரு மேடு போல ஆகிவிடுகிறது. கடத்தியின் மின்னூட்டமோ வெளிப்பரப்பில்தான் தங்கும். ஆகவே வாளியில் ஏற்கெனவே நிறைய இருந்தாலும், புதிதாகக் கொண்டுவருவது முழுவதும் அதில் சேரும். அமெரிக்க இயற்பியலாளர் வான் டி கிராஃப் 1929-இல் முதன்முதலில் இயக்கிக் காட்டிய மின்னியற்றியில், ஓடும் பட்டை மின்னூட்டத்தைக் குவிமாடத்தின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இதற்காகவே.

உங்களிடம் வாளி இல்லாவிட்டால் உயரமான எவர்சில்வர் தூக்கு போதும். உருண்டை முழுவதும் உள்ளே செல்ல வேண்டும். எடுக்கும்போது விளிம்பில் பட்டுவிடக் கூடாது.


கேள்வி கேட்டவரின் பதில்
பதிவிட்டவர்: மேல்நிலை ஆசிரியை

ஐயா, செய்துவிட்டோம். வீட்டில் பால் வாங்கும் தூக்கைக் கொண்டுசென்று, தெர்மோகோல் பலகையின் மேல் வைத்து, அதன் வெளிப்புறத்தைக் கம்பியால் ஜாம் பாட்டிலுடன் இணைத்தோம். சிறிய உருண்டையைப் பட்டு நூலில் கட்டி அந்த மாணவியே இறக்கினாள். உருண்டை உள்ளே சென்றதும் கீற்றுகள் விரிந்தன, அடியைத் தொட்டபோது இம்மியும் அசையவில்லை. வெளியே எடுத்த உருண்டையால் இன்னொரு பாட்டிலின் கம்பியைத் தொட்டோம். கீற்றுகள் செங்குத்தாகவே நின்றன.

உருண்டைக்கு மறுபடி மறுபடி மின்னூட்டம் கொடுத்து மேலும் ஐந்து முறை உள்ளே தொட்டாள். ஒவ்வொரு முறையும் விரிவு கூடிக்கொண்டே சென்று, ஆறாவது முறை கீற்றுகளின் நுனி பாட்டிலின் கண்ணாடியைத் தொட்டுவிட்டது. பிறகு தூக்கைக் கையால் தொட்டு மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, அதே உருண்டையால் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது முறைக்குப் பிறகு விரிவு கூடியதாகவே தெரியவில்லை. எட்டாவது முறை தொட்டுவிட்டு, "மட்டம் ஒன்றாகிவிட்டது, டீச்சர்" என்று சொல்லி நூலை என் கையில் கொடுத்தாள்.